ஆஸ்பத்திரி கட்டினா மட்டும் போதாதா? ஒதுக்கப்பட்ட மக்களோட உடம்பும் கொள்கையும்

கேட்ட கேள்வி இதுதான்: "ஒதுக்கப்பட்டவங்கள சேர்த்துக்கணும்னு அரசாங்கங்க சட்டம், ஒதுக்கீடு, திட்டம்னு நிறைய கொண்டு வர்றாங்க. இதெல்லாம் அவங்க உடல்நலத்த நிஜமாவே மாத்துமா? நல்ல ஆஸ்பத்திரி கட்டி, டாக்டர போட்டு, மருந்து குடுத்தா போதாதா?" நான் பொது சுகாதாரத்துல ரொம்ப வருஷமா வேலை பாக்கறேன், இந்த கேள்விய கூட வேலை பாக்கறவங்களே என்கிட்ட கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மாத்தும். சில நேரம் புது மருந்து வர்றத விட வேகமா மாத்தும். ஆனா "சேர்த்துக்கறோம்"னு பேப்பர்ல எழுதின எல்லா கொள்கையும் மாத்தாது. அந்த மனுஷன் கதவுகிட்ட வந்து நிக்கும்போது அவன்கிட்ட நடந்துக்கற விதம் மாறியிருந்தா மாத்தும், மாறலன்னா எத்தன கோடி செலவு பண்ணாலும் ஒண்ணும் நடக்காது. என்னோட மொத்த பதிலும் இதுதான், மீதியெல்லாம் ஏன் அப்படி சொல்றேன்ங்கறதுக்கான விளக்கம்.

எனக்கு தெரிஞ்சு இதுக்கு ரொம்ப தெளிவான உதாரணம் அமெரிக்கால 1966ல நடந்தது. அங்க 1946ல ஹில்-பர்ட்டன் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, நாடு முழுக்க ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசு பணம் குடுக்கும். நல்ல சட்டம்தான், ஆனா அதுக்குள்ளயே "தனித்தனியா வெச்சுக்கலாம், சமமா இருந்தா போதும்"னு ஒரு வரி இருந்துச்சு. அதாவது அரசாங்க காசுலயே வெள்ளைக்காரங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கருப்பின மக்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி இல்லன்னா ஒரு மூலையில நாலு பெட்டு. 1963ல கோர்ட்டு அந்த வரிய செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 1964ல குடிமை உரிமைச் சட்டம் வந்துச்சு, அதோட ஆறாவது பகுதி, மத்திய அரசு பணம் வாங்கற எவனும் நிறம் பாத்து ஒதுக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு. இதுவரைக்கும் எல்லாம் பேப்பர். நிஜமான மாற்றம் எப்ப வந்துச்சுன்னா, 1966 ஜூலை 1ம் தேதி வயசானவங்களுக்கான மெடிக்கேர் காப்பீடு ஆரம்பிக்கும்போது, அந்த பணம் வேணும்னா முதல்ல உன் வார்டுல பிரிச்சு வெக்கறத நிறுத்துன்னு நிபந்தனை போட்டாங்க, வெறும் கடிதத்த நம்பாம ஆள அனுப்பி ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் பாக்க சொன்னாங்க. சில மாசத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிங்க மாறிடுச்சு. இருபது வருஷமா முடியாதுன்னு சொன்னது சில மாசத்துல முடிஞ்சுது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு ஆல்மண்ட், சே, கிரீன்ஸ்டோன்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் மிசிசிப்பி மாநிலத்து பதிவுகள எடுத்து பாத்தாங்க. ஒரு மாசத்துக்கு மேல ஒரு வயசுக்குள்ள இருக்கற கருப்பின குழந்தைங்க சாவு 1965க்கு அப்புறம் சடசடன்னு குறைஞ்சிருக்கு, அதுவும் முக்கியமா எந்த நோய்லன்னா நிமோனியாவும் வயித்துப்போக்கும். இத கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. வயித்துப்போக்குக்கு நரம்பு வழியா சலைன் ஏத்தறதோ நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் குடுக்கறதோ 1966ல கண்டுபிடிச்சது இல்ல, ரெண்டுமே முன்னாடியே இருந்துச்சு, பக்கத்து ஆஸ்பத்திரியிலயே இருந்துச்சு, டாக்டரும் இருந்தாரு. அந்த குழந்தைக்கும் அந்த சலைன் பாட்டிலுக்கும் நடுவுல இருந்தது ஒரு கதவு மட்டும்தான். அந்த கதவ தொறந்தது மருத்துவம் இல்ல, கொள்கை. ஆஸ்பத்திரி கட்டினா போதாதான்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான், ஏன்னா ஆஸ்பத்திரிய கட்டித்தான் வெச்சிருந்தாங்க.

சரி, கதவ தொறந்துட்டா பிரச்சனை தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல. இங்கிலாந்துல 1967ல வைட்ஹால் ஆய்வுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, லண்டன்ல வேலை பாக்கற அரசு ஊழியர்கள், எல்லாரும் ஆம்பளைங்க, கிட்டத்தட்ட 18,000 பேர். யாரும் வேலை இல்லாதவங்க இல்ல, யாரும் பட்டினி இல்ல, எல்லாருக்கும் இலவச தேசிய சுகாதார சேவை இருந்துச்சு. அப்படி இருந்தும் கீழ்மட்ட வேலையில இருந்தவங்க இதய நோய்ல சாகறது மேல்மட்டத்துல இருந்தவங்கள விட சுமார் மூணு மடங்கு. சிகரெட்டு, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்துட்டு பாத்தாலும் அந்த வித்தியாசத்துல பாதிய கூட விளக்க முடியல. இது பரம ஏழைங்களுக்கும் பெரும் பணக்காரங்களுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் இல்ல, ஒவ்வொரு படியா கீழ இறங்க இறங்க சாவு கூடிட்டே போகுது. மைக்கேல் மார்மட் இந்த ஆய்விலயும் இதுக்கு அடுத்து வந்த ரெண்டாவது வைட்ஹால் ஆய்விலயும் வேலை பாத்தவர், அப்புறம் உலக சுகாதார நிறுவனம் 2005ல அமைச்ச சமூகக் காரணிகள் ஆணையத்துக்கு அவர்தான் தலைவர், அவங்க 2008ல குடுத்த அறிக்கையோட சாரம் இதுதான்: மனுஷங்க பிறக்கற, வளர்ற, வேலை பாக்கற சூழ்நிலையில இருக்கற அநியாயம்தான் ஆரோக்கியத்துல இருக்கற பெரும்பாலான ஏற்றத்தாழ்வுக்கு காரணம்.

உடம்புக்குள்ள இது எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன், ஏன்னா இத நிறைய பேர் மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னு தள்ளிவிட்டுடறாங்க. ஆபத்து வந்தா உடம்பு கார்டிசால், அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், சர்க்கரை ஏறும், ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ அது தேவை, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சா உடம்பு பழையபடி ஆயிடும். ஆனா தினமும் ஒருத்தன் "இன்னிக்கி எங்க என்ன சொல்வாங்களோ, உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ, பேர கேட்டதும் மூஞ்சி மாறுமோ"னு எச்சரிக்கையாவே இருந்தா அந்த சுவிட்சு ஆஃப் ஆகறதே இல்ல. வருஷக்கணக்குல அப்படி ஓடினா ரத்தக்குழாய் கெட்டியாகும், பிரஷர் நிரந்தரமா ஏறும், சர்க்கரை வரும், தூக்கம் போகும், எதிர்ப்பு சக்தி தடுமாறும். ஆர்லைன் ஜெரோனிமஸ்னு ஒரு ஆய்வாளர் 1992ல ஒரு விஷயத்த சொன்னாங்க: அமெரிக்காவுல வெள்ளைக்கார பெண்கள் இருபதுகள்ல குழந்தை பெத்தா பதின்வயசுல பெக்கறத விட குழந்தைக்கு நல்லது, ஆனா கருப்பின பெண்களுக்கு அப்படி இல்ல, இருபதுகள்ல போகப்போக மோசமாகுது. வயசு ஆக ஆக உடம்பு தேறறதுக்கு பதிலா தேயுது. வெயில்லயும் மழையிலயும் கெடந்து கல்லு கரையற மாதிரின்னு அதுக்கு ஒரு பேரே வெச்சாங்க. அதனால ஒதுக்கி வெக்கறதுங்கறதே ஒரு நோய்க்காரணி, கிருமி மாதிரி, புகை மாதிரி. அப்ப அத குறைக்கற எந்த கொள்கையும், அது கல்வித் துறையில வந்தாலும் சரி வீட்டு வசதி துறையில வந்தாலும் சரி, மருத்துவம்தான்.

ஒரு சட்டம் யாருக்கும் மாத்திரை குடுக்காம, ஆஸ்பத்திரிய தொடாம, உடம்ப மாத்துமான்னு கேட்டா அதுக்கும் தரவு இருக்கு. அமெரிக்காவுல 2004, 2005 வாக்குல சில மாநிலங்கள் ஒருபால் திருமணத்துக்கு அரசியலமைப்பு தடை போட்டுச்சு. தடைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே ஆட்கள்கிட்ட பேட்டி எடுத்த ஒரு பெரிய தேசிய ஆய்வு தற்செயலா அப்ப நடந்துட்டு இருந்துச்சு. தடை வந்த மாநிலங்கள்ல இருந்த தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்ககிட்ட மனச்சோர்வு மாதிரி மனநிலை கோளாறுங்க மூணுல ஒரு பங்குக்கும் மேல கூடியிருந்துச்சு. அவங்கள்ல நிறைய பேர் கல்யாணம் பண்ணிக்கற எண்ணத்துல கூட இருந்திருக்க மாட்டாங்க, ஆனா ஊரே ஓட்டு போட்டு "நீ எங்கள்ல ஒருத்தன் இல்ல"ன்னு சொன்னத கேட்டாங்க. இதுக்கு நேர் எதிர் பக்கமும் பாத்திருக்காங்க, திருமண உரிமை குடுத்த 32 மாநிலங்களயும் குடுக்காத 15 மாநிலங்களயும் ஒப்பிட்டு 2017ல வந்த ஆய்வுல, உரிமை வந்த இடத்துல பள்ளி மாணவர்கள்கிட்ட தற்கொலை முயற்சி 7 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, அந்த குறைவுல பெரும்பகுதி பாலின சிறுபான்மை மாணவர்கள்கிட்ட. பதினாறு வயசு பசங்க, அவங்களுக்கு கல்யாண சட்டத்தால நேரடி பலன் ஒண்ணும் கிடையாது. நாளைக்கி எனக்கும் இங்க ஒரு இடம் இருக்கும்ங்கற நம்பிக்கைதான் அவங்களுக்கு கிடைச்சது.

பணம் குடுக்கற திட்டங்கள பத்தி சொல்லாம இருக்க முடியாது. பிரேசில்ல 2003ல போல்சா ஃபமிலியா ஆரம்பிச்சாங்க, ஏழைக் குடும்பத்துக்கு மாசாமாசம் ஒரு தொகை, பெரும்பாலும் அம்மா பேர்ல, அதுக்கு பதிலா குழந்தைக்கு தடுப்பூசி போடணும், பள்ளிக்கூடம் அனுப்பணும். 2004லேர்ந்து 2009 வரைக்கும் 2,853 நகராட்சிகள எடுத்து பாத்த ஆய்வு 2013ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. திட்டம் நல்லா பரவியிருந்த இடத்துல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க சாவு 17 சதவீதம் குறைஞ்சிருக்கு, ஊட்டச்சத்து குறைபாட்டால சாகறது 65 சதவீதமும் வயித்துப்போக்கால சாகறது 53 சதவீதமும் குறைஞ்சிருக்கு. ஆனா இத மட்டும் படிச்சுட்டு "பணம் குடுத்தா போதும்"னு முடிவு பண்ணிடாதீங்க. பிரேசில்ல அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே, 1994லேர்ந்து, குடும்ப சுகாதார திட்டம்னு ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அந்தந்த பகுதி ஆளுங்களயே சுகாதாரப் பணியாளரா எடுத்து வீடு வீடா அனுப்பறது. பணம் குடும்பத்த கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு, கதவ தொறந்து "வாங்க"ன்னு சொல்ல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு அங்க இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்த இடத்துலதான் பலன் அதிகம்னு இன்னொரு ஆய்வு காட்டுது.

இதுக்கு அடுத்து நான் சொல்ல போறதுதான் பலரும் விட்டுடற விஷயம், என்ன பொறுத்தவரைக்கும் எல்லாத்தயும் விட முக்கியமானது: அதிகாரம். ஒதுக்கப்பட்டவங்களுக்கு ஏதாவது குடுக்கறது ஒண்ணு, அவங்க கையிலயே முடிவெடுக்கற உரிமைய குடுக்கறது வேற ஒண்ணு. அமெரிக்காவுல பெண்களுக்கு ஓட்டுரிமை மாநிலம் மாநிலமா வெவ்வேற வருஷத்துல வந்துச்சு, அத வெச்சு கிராண்ட் மில்லர்னு ஒருத்தர் 2008ல கணக்கு போட்டு காட்டினாரு, ஓட்டுரிமை வந்த உடனேயே உள்ளூர் சுகாதார செலவு ஏறியிருக்கு, குழந்தைங்க சாவு 8லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருக்கு. ஓட்டு வந்ததும் அரசியல்வாதிங்க அம்மாக்களுக்கு என்ன வேணும்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களுக்கு வேண்டியது சுத்தமான தண்ணியும் பாலும் குழந்தை சாகாம இருக்கறதும்தான். இந்தியாவுல 1993ல 73வது திருத்தம் வழியா பஞ்சாயத்து தலைவர் பதவியில மூணுல ஒண்ணு பெண்களுக்குன்னு ஆனதும், மேற்கு வங்கத்துலயும் ராஜஸ்தான்லயும் பாத்தப்போ பெண் தலைவர் வந்த ஊர்கள்ல குடிதண்ணிக்கு அதிகமா செலவு பண்ணியிருந்தாங்க, ஏன்னா அந்தந்த ஊர் பெண்கள் திரும்ப திரும்ப புகார் குடுத்தது தண்ணிய பத்திதான். சுகாதார திட்டம்னு பேர் வெச்சு யாரும் அத கொண்டு வரல.

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல நடந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, சாண்ட்லர், லலோண்ட்னு ரெண்டு பேர் 1998ல எழுதினது, நான் புதுசா வேலைக்கு வர்ற எல்லாருக்கும் இத சொல்லுவேன். அங்க பூர்வகுடி இளைஞர்கள் தற்கொலை ரொம்ப அதிகம்னு எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க. இவங்க மொத்தமா ஒரே எண்ணா பாக்காம ஒவ்வொரு சமூகமா பிரிச்சு பாத்தாங்க. பாதிக்கும் மேற்பட்ட சமூகங்கள்ல அந்த அஞ்சு வருஷத்துல ஒரு இளைஞர் தற்கொலை கூட இல்ல, சில இடங்கள்ல மட்டும் பயங்கரமா இருந்துச்சு. வித்தியாசம் எங்கன்னு தேடினா, சுயாட்சி, நில உரிமைக்கான போராட்டம், பள்ளிக்கூடம், சுகாதாரம், காவல் தீயணைப்பு மாதிரி சேவைகள், பண்பாட்டு கூடம்னு ஆறு விஷயம், இதெல்லாம் எந்த அளவுக்கு அந்த மக்கள் கையிலயே இருக்கோ அந்த அளவுக்கு தற்கொலை கம்மி. ஆறும் இருந்த சமூகங்கள்ல பூஜ்யம். எண்ணிக்கை சின்னதுதான், ஒரு ஆய்வ வெச்சு காரணம் இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாதுங்கறதயும் சேர்த்து சொல்லிடணும், ஆனாலும் "பூர்வகுடிங்கன்னாலே இப்படித்தான்"னு பேசிட்டு இருந்த வாய அந்த ஆய்வு மூட வெச்சுது.

ஆஸ்திரேலியாவுல இதே பாடத்த ரொம்ப காலம் எடுத்து கத்துக்கிட்டாங்க. 1971லேயே சிட்னி ரெட்ஃபெர்ன்ல பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தற மருத்துவ சேவைய ஆரம்பிச்சுட்டாங்க, மத்த ஆஸ்பத்திரிகள்ல அவங்கள நடத்தின விதம் பொறுக்காம. அரசாங்கம் 2008ல "இடைவெளிய மூடுவோம்"னு பெரிய கொள்கை அறிவிச்சுது, ஒரு தலைமுறைக்குள்ள ஆயுள் வித்தியாசத்த இல்லாம ஆக்கணும்னு இலக்கு. பன்னெண்டு வருஷம் கழிச்சு பாத்தா ஏழு இலக்குல ரெண்டு மட்டும்தான் பாதையில இருந்துச்சு, ஆயுள் இலக்கு அதுல இல்ல. நல்ல எண்ணம் இல்லாம இல்ல, பணம் இல்லாம இல்ல. ஆனா இலக்க போட்டது ஒருத்தர், வாழறது இன்னொருத்தர். 2020ல திரும்ப புது ஒப்பந்தம் போட்டப்போதான் பூர்வகுடி அமைப்புகளோட கூட்டமைப்பும் கையெழுத்து போடற தரப்பா உக்காந்துச்சு.

இப்ப ஏன் பல கொள்கை தோத்து போகுதுங்கறதுக்கு வர்றேன். முதல் காரணம் பழைய காயம். அமெரிக்காவுல டஸ்கீகிங்கற ஊர்ல 1932லேர்ந்து 1972 வரைக்கும் கிட்டத்தட்ட 400 கருப்பின ஆண்களுக்கு மேகநோய் இருக்குன்னு தெரிஞ்சும், பென்சிலின் வந்தப்புறமும், மருந்து குடுக்காம நோய் எப்படி போகுதுன்னு வேடிக்கை பாத்தாங்க, அரசாங்க சுகாதாரத் துறையே. வெளிய தெரிஞ்சப்புறம் என்ன ஆச்சுன்னு 2018ல ஒரு ஆய்வு பாத்துச்சு, கருப்பின ஆண்கள் டாக்டர்கிட்ட போறதயே குறைச்சுட்டாங்க, 45 வயசுல மிச்சமிருக்கற ஆயுள் ஒன்றரை வருஷம் வரைக்கும் குறைஞ்சிருக்கலாம்னு கணக்கு. அந்த சோதனையில இல்லாத ஆட்களுக்கும் சேர்த்து. ஐரோப்பாவுல ரோமான்னு சொல்ற, ஒதுக்கப்பட்ட சிறுபான்மை மக்களுக்கும் இதே கதைதான், சம்மதம் இல்லாம பெண்களுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணதுக்கு 2011ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவாக்கியாவுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. இப்படி ஒரு வரலாறு இருக்கற இடத்துல "இலவச பரிசோதனை முகாம், எல்லாரும் வாங்க"ன்னு போஸ்டர் ஒட்டினா யாரு வருவா? ருமேனியாவுல 2002லேர்ந்து ரோமா பெண்களயே பயிற்சி குடுத்து, அந்த மக்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல பேசற இணைப்பாளரா வேலைக்கு வெச்சாங்க, அந்த மாதிரி ஏற்பாடுதான் இங்க எடுபடும், ஏன்னா நம்பிக்கைங்கறது தெரிஞ்ச ஆளோட கூடத்தான் உள்ள வரும்.

ரெண்டாவது, ஒரு கையால குடுத்து இன்னொரு கையால பயமுறுத்தறது. அமெரிக்காவுல 2019ல குடியேறினவங்க அரசு உதவி வாங்கினா நிரந்தரமா தங்கறதுக்கான கிரீன் கார்டு கிடைக்காம போகலாம்ங்கற மாதிரி விதி அறிவிச்சாங்க. அந்த விதி யார தொடவே தொடாதோ அவங்களும், அங்கயே பிறந்து குடியுரிமை உள்ள குழந்தைங்களோட அப்பா அம்மாவும் கூட, பயந்து போயி காப்பீட்டயும் உணவு உதவியயும் விட்டுட்டாங்க. 2021ல விதிய எடுத்துட்டாங்க, ஆனா பயத்த அப்படி ஒரே நாள்ல எடுக்க முடியல. ஸ்பெயின்ல 2012ல ஆவணம் இல்லாத குடியேறிகள பொது மருத்துவத்துலேர்ந்து வெளிய தள்ளினாங்க, அவங்க மத்தியில சாவு கூடினதா ஆய்வு வந்துச்சு, 2018ல திரும்ப உள்ள சேர்த்துக்கிட்டாங்க. ஒதுக்கற கொள்கையும் உடம்புல தெரியும், அதுவும் சீக்கிரமாவே தெரியும்.

மூணாவது கொஞ்சம் நுணுக்கமானது, நல்ல எண்ணத்தோட போடற கணக்குலயே தப்பு ஒளிஞ்சிருக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல யாருக்கு கூடுதல் கவனிப்பு வேணும்னு தேர்ந்தெடுக்க ஒரு கம்ப்யூட்டர் கணக்குமுறை இருந்துச்சு. நிறம் அதுல கேக்கவே இல்ல, அதனால பாரபட்சம் இல்லன்னு நெனச்சாங்க. அது நோயோட தீவிரத்த அளக்க, இதுவரைக்கும் ஆன மருத்துவ செலவ பாத்துச்சு. ஆனா ஒதுக்கப்பட்டவங்களுக்கு அதே நோய்க்கு கம்மியாத்தான் செலவு பண்ணியிருக்காங்க, கிடைக்காதனால. அப்ப கம்ப்யூட்டர் "இவருக்கு அவ்ளோ நோய் இல்ல"ன்னு சொல்லிடுச்சு. 2019ல இத கண்டுபிடிச்சவங்க திருத்தி பாத்தப்போ, கூடுதல் உதவி பட்டியல்ல கருப்பின நோயாளிங்க பங்கு 18 சதவீதத்துலேர்ந்து 47 சதவீதமா ஏறுச்சு. விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் பாக்கற அந்த சின்ன கருவியும் அப்படித்தான், கருப்புத் தோல் உள்ளவங்களோட ஆக்ஸிஜன் குறைவ வெள்ளைத் தோல் உள்ளவங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா தவறவிடுதுன்னு 2020ல, கோவிட் நடுவுல, ஆய்வு வந்துச்சு. யாரும் வேணும்னு பண்ணல. ஆனா யார வெச்சு சோதிச்சாங்கங்கறதுலயே யாரு உள்ள யாரு வெளியன்னு இருக்கு.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும், சேர்த்துக்கற கொள்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 1994லேர்ந்து அமெரிக்காவுல அஞ்சு நகரங்கள்ல சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள்ல குலுக்கல் போட்டு சிலருக்கு வறுமை குறைஞ்ச பகுதிக்கு குடிபோக உதவி குடுத்தாங்க. பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா குடிபோன பெண்களுக்கு கடுமையான உடல் பருமனும் சர்க்கரை நோயும் கம்மி, பொண்ணு பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு கம்மி. ஆனா பையன்களுக்கு மனச்சோர்வும் அதிர்ச்சி சார்ந்த கோளாறும் அதிகம். புது இடத்துல அந்த பையன்கள எப்படி பாத்தாங்க, அவங்க யார்கூட பழகினாங்கன்னு பாக்காம முகவரிய மட்டும் மாத்தினா சேர்த்துக்கிட்டதா ஆயிடாது.

வெட்கத்த பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இது அறிக்கைகள்ல வர்றதே இல்ல. நான் வேலை பாத்த ஒரு இடத்துல காசநோய் மருந்து இலவசம், தரமான மருந்து, எல்லாம் சரி. ஒரு அம்மா ரெண்டு தடவ வந்துட்டு நிறுத்திட்டாங்க. விசாரிச்சா, டோக்கன் குடுக்கற ஜன்னல்ல என்ன நோய்னு சத்தமா கேட்டிருக்காங்க, வரிசையில பின்னாடி நின்னவங்க ஒரு அடி நகர்ந்து நின்னிருக்காங்க, அவ்ளோதான். அந்த ஒரு அடிக்காக அவங்க மருந்த விட்டுட்டாங்க. ஜன்னல்ல கேக்கறத நிறுத்தி நிறம் வெச்ச அட்டை குடுக்க ஆரம்பிச்சோம், செலவு ஒண்ணுமே இல்ல, அவங்களும் திரும்ப வந்தாங்க, அவங்கள மாதிரி இன்னும் சிலரும் வந்தாங்க. போர்ச்சுகல் 2001ல பெரிய அளவுல பண்ணது இதோட சாராம்சம்தான்னு எனக்கு தோணும். போதைப்பொருள் சொந்தமா பயன்படுத்தறத குற்றவியல்லேர்ந்து எடுத்துட்டு, போலீஸ் பிடிச்சா கோர்ட்டுக்கு பதிலா சமூகப்பணியாளர், மருத்துவ ஆலோசகர் இருக்கற குழுகிட்ட அனுப்பினாங்க, கூடவே சிகிச்சைக்கும் சுத்தமான ஊசிக்கும் பணம் போட்டாங்க. ஊசி போட்டுக்கறவங்க மத்தியில வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல இருந்த புது எச்ஐவி தொற்று, பத்து பதினஞ்சு வருஷத்துல நூறுக்கும் கீழ வந்துச்சு. ஒளிஞ்சுட்டு இருந்தவன் வெளிய வந்தாத்தான ஊசி மாத்த முடியும்.

மாற்றுத்திறனாளிங்கள இந்த பேச்சுல அடிக்கடி மறந்துடறாங்க. உலகத்துல 130 கோடி பேர், அதாவது ஆறுல ஒருத்தர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோட வாழறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லுச்சு, அதுல சிலர் மத்தவங்கள விட 20 வருஷம் வரைக்கும் முன்னாடி செத்துடறாங்க. அது பெரும்பாலும் குறைபாட்டால இல்ல, படிக்கட்டால, ஏறி படுக்க முடியாத பரிசோதனை மேசையால, சைகை மொழி தெரியாத டாக்டரால.

நீங்க ஒரு கொள்கைய எடுத்து இது உருப்படுமான்னு பாக்கணும்னா நான் பாக்கற மாதிரியே பாருங்க. பணம் நிபந்தனையோட வருதா, மீறினா பணத்த நிறுத்திடுவாங்களா, 1966ல மாதிரி யாராவது நேர்ல போய் பாக்கறாங்களா. யாருக்காக போட்டாங்களோ அவங்க முடிவெடுக்கற இடத்துல இருக்காங்களா, இல்ல போட்டோவுல மட்டும் இருக்காங்களா. அப்புறம் எண்கள். சராசரி ஏறுச்சுன்னு சொன்னா நம்பாதீங்க, பிரிச்சு குடுக்க சொல்லுங்க, ஏன்னா எந்த புது திட்டமும் முதல்ல போய் சேர்றது கொஞ்சம் வசதியானவங்களுக்குத்தான், கடைசியில இருக்கறவன் வர்றதுக்குள்ள இடைவெளி இன்னும் பெருசாகும், பிரேசில் ஆய்வாளர் செசார் விக்டோராவும் கூட இருந்தவங்களும் இத 2000லேயே தெளிவா எழுதிட்டாங்க. எத்தன பேர் வந்தாங்கன்னு எல்லா அறிக்கையிலயும் இருக்கும், வந்துட்டு நின்னு போனவங்க எத்தன பேர், அவங்க யாருன்னு கேளுங்க. அந்த பட்டியல் கையில இருந்தா அத எடுத்துட்டு அவங்க வீட்டுக்கு போங்க, ஏன் வரலன்னு கேளுங்க, அவங்க சொல்றத அப்படியே எழுதிக்கோங்க.